சுற்றுவழி

கடைசித் தட்டை அடுப்பிலிருந்து இழுக்கும்போது எவரிஸ்தோவின் முழங்கையில் சூடு பட்டது. தட்டை அவர் விடவில்லை. மேசைமேல் வைத்த பிறகுதான் கையைப் பார்த்தார்.

"இன்னைக்காவது விடக்கூடாதாப்பா?" என்றாள் நுபியா. "வெளியில வாங்கிக்கலாம்னு சொன்னேன்ல."

"உங்கம்மா சாவுக்கு வர்றவன் அடுத்தவன் கடை ரொட்டியத் தின்னுட்டுப் போகணுமா?"

மகள் சூடான ரொட்டிகளைக் கூடையில் அடுக்கினாள். தலைநகர் போகொத்தாவிலிருந்து பேருந்தில் வந்தவள் இன்னும் முகம்கூடக் கழுவவில்லை.

சவப்பெட்டி கடைக்குள்ளேயே இருந்தது. வீட்டுக்கூடம் சிறியது. கண்ணாடி அலமாரியைச் சுவரோரம் தள்ளிவிட்டு நாற்காலிகள்மேல் பெட்டியை வைத்திருந்தார்கள். சுற்றிலும் மெழுகுவத்திகள். மிரேயா பழுப்புக் கம்பளிச் சட்டையில் படுத்திருந்தாள். செவ்வாய்க்கிழமை விடியற்காலையில், காப்பி கொதிக்கும் நேரத்தில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் பிறகு எழுந்திருக்கவில்லை.

ஊரில் அவளை டாக்டரம்மா என்பார்கள். வைத்தியம் பார்ப்பவள் அல்ல. சாந்தா உர்சுலா என்னும் அந்த மலையூரில், படித்தவர் யாராயிருந்தாலும் டாக்டர்தான். அவள் படித்தது பாறையும் மண்ணும். பாலமோ அணையோ சுரங்கப்பாதையோ கட்டுவதற்கு முன்னால், அந்த இடத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. அதற்காக நாடு முழுவதும் மலையேறியிருக்கிறாள். எந்தக் கல்வெட்டிலும் அவள் பெயர் கிடையாது.

கடைக்கு இரண்டு கதவுகள். ஒன்று சதுக்கத்தைப் பார்த்தது. மற்றது ஆற்றைப் பார்த்தது. ஆற்றுப் பக்கக் கதவு வழியாக யாரும் வருவதில்லை. முப்பது வருடங்களுக்கு முன்னால், அங்கே பாலம் வரப்போகிறது என்று நம்பி எவரிஸ்தோ சுவரை இடித்து வைத்த கதவு. லாரிக்காரர்கள் இறங்கி வந்து சாப்பிட வசதியாக இருக்கட்டும் என்று அகலமாகவே வைத்தார். பாலம் வரவில்லை. அதை வரவிடாமல் செய்தவளைத்தான் அவர் கட்டிக்கொண்டார்.

ஊர் இதை இன்னும் சொல்லிச் சிரிக்கும்.

அர்செனியோ ஏழெட்டு ஆண்களோடு வந்தார். எல்லோரும் கம்பளிப் போர்வையைத் தோளில் மடித்துப் போட்டிருந்தார்கள். தூக்க வந்தவர்கள். அர்செனியோ பழைய மேயர். எண்பதை நெருங்குகிறார், முதுகு இன்னும் வளையவில்லை. மிரேயாவை ஊரிலேயே அதிகம் ஏசியவர் அவர்தான். நுபியாவுக்கு ஞானத்தகப்பனும் அவர்தான். குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு அவரைத்தான் கூப்பிட வேண்டும் என்று அன்று மிரேயா சொன்னபோது எவரிஸ்தோவுக்குப் புரியவில்லை. "சண்டைக்காரன் வீட்டுக்குள்ள இருந்தா சத்தம் கம்மியா இருக்கும்," என்றாள் அவள். சத்தம் கம்மியாகவில்லை. ஆனால் நுபியாவின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அவர் கோழியோடு வந்தார்.

அர்செனியோ பெட்டியருகே நின்று சிலுவை போட்டுக்கொண்டார்.

"போயிட்டியா டாக்டரம்மா," என்றார். "பாறை அங்கயேதான் இருக்கு. நீதான் நகந்துட்ட."

பின்னால் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். நுபியா நிமிர்ந்தாள்.

"ஞானப்பா, இன்னைக்குமா?"

"இன்னைக்குச் சொல்லாம என்னைக்கும்மா சொல்றது? அவ பதில் பேசாம இருக்கிறது இன்னைக்கு மட்டுந்தான்."

சொல்லிவிட்டுத் திரும்பி மூக்கைச் சிந்தினார். நுபியா அவருக்கு ரொட்டியும் வெல்லத் தண்ணீரும் கொடுத்தாள். நின்றபடியே சாப்பிட்டார். பிறகு வேலைப் பேச்சுக்கு வந்தார்.

"பூசை முடிஞ்சதும் நேரா தொங்குபாலம். நீளக் கழி ரெண்டு கொண்டாந்திருக்கேன். நாலு பேரா மாத்தி மாத்தி எறக்கிட்டா மதியச் சாப்பாட்டுக்கு முன்ன மண்ணு போட்டுறலாம்."

"அந்த வழி வேண்டாம், கொம்பாத்ரே," என்றார் எவரிஸ்தோ.

குழந்தையின் தகப்பனும் ஞானத்தகப்பனும் ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிட வேண்டும். சண்டையிலும்.

"பின்ன எந்த வழி?"

"அவ எடம் பாத்த பாலத்து வழியா."

அர்செனியோ மெல்லுவதை நிறுத்தினார்.

"அது மேல போயி, அலிசால் ஊரச் சுத்தி, திரும்பக் கீழ வரணும். எட்டுக் கிலோமீட்டர்."

"தெரியும்."

"ஏத்தம்."

"தெரியும்."

"லாரி வச்சிக்கலாமே," என்றான் பின்னால் நின்ற இளைஞன். வில்மர். இரும்பு பற்றவைக்கும் பட்டறை வைத்திருப்பவன்.

"லாரில போறது உருளைக்கெழங்கு," என்றார் அர்செனியோ திரும்பாமலே. "மனுசன் தோள்லதான் போவான்." பிறகு எவரிஸ்தோவிடம் தணிந்த குரலில், "இத்தன வருசத்துல நான் அந்தப் பாலத்துல கால் வச்சதில்ல. ஒனக்குத் தெரியும்."

"தெரியும்."

"அவளே தெனமும் தொங்குபாலத்துலதானே நடந்தா? போன வாரங்கூட நான் பாத்தேன்."

"நடந்தா. இன்னைக்கு அவ நடக்கல."

அர்செனியோ கோப்பையை மேசையில் வைத்தார். தன் ஆட்களோடு கோயில் பக்கம் போனார்.

கல்லறைத் தோட்டம் அக்கரையில். ஊர்ப் பக்கம் அதற்குச் சமதரை இல்லை. ஊர் தோன்றிய நாள் முதல் சவங்கள் தொங்குபாலத்தின் மேல்தான் போகின்றன. அதற்கு ஒரு முறை உண்டு. இறந்தவரின் வீட்டார் பெட்டியைத் தொடக்கூடாது. அதற்கு முன்னால் நடக்கக்கூடாது. வழி சொல்லக்கூடாது. தோள் கொடுப்பவர்கள் எடுப்பதுதான் வழி. வீட்டார் பின்னால் வர வேண்டும், அழ வேண்டும், அவ்வளவுதான்.

எவரிஸ்தோ கேட்டதே தவறு. அது அவருக்குத் தெரியும். வாழ்நாளில் அவர் ஊரிடம் எதையும் கேட்டதில்லை. இன்று ஒன்றே ஒன்று வேண்டியிருந்தது. சாந்தா உர்சுலா ஒருமுறை அவள் பின்னால் அந்தப் பாலத்தைக் கடக்க வேண்டும். லாரிகள் கடக்கின்றன, பேருந்து கடக்கிறது. ஊர் தன் காலால் கடந்ததில்லை.

*

பார்தோ ஆறு மிகவும் குறுகும் இடம் சதுக்கத்தின் முடிவில்தான் இருக்கிறது. இரண்டு கரையிலும் பாறை. தலைநகரிலிருந்து வந்த பொறியாளர்கள் பார்த்தவுடனே இதுதான் இடம் என்றார்கள். ஆறு குறுகல், கரை கெட்டி, ஊர் பக்கத்தில். வேறென்ன வேண்டும்? அர்செனியோ அப்போது மேயர். அவர் காத்திருக்கவில்லை. பாலத்துக்கு முன்பே வரவேற்பு வளைவைக் கட்டிவிட்டார். திறப்பு விழாத் தேதியைச் சுண்ணாம்பு எழுத்தில் அதன் நெற்றியில் பதித்தார். பேண்டு வாத்தியத்துக்குச் சொல்லியாயிற்று. மண்ணைச் சோதிப்பது என்று ஒரு சடங்கு மட்டும் பாக்கி இருந்தது.

அதற்கு வந்தவள்தான் மிரேயா. முப்பதுகூட ஆகவில்லை. துளையிடும் இயந்திரத்தைக் கழற்றி, கோவேறு கழுதைகளில் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோனாள். வேலையாட்கள் பாறையைத் துளைக்க, அவள் அதற்கு மேலே மலைச் சரிவில் பல நாள் அலைந்தாள். பூப்பறிக்கிறாள் என்றார்கள் ஊரில். அங்கே புல் மூடிய பெரிய பள்ளம் ஒன்று இருந்தது, மலையை யாரோ கரண்டியால் அள்ளியதுபோல. அதை எல்லோரும் பிறந்தது முதல் பார்த்திருந்தார்கள். அது என்ன என்று யாரும் கேட்டதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து எல்லோரும் சதுக்கத்தில் நிற்கும்போது, வளைவுக்குக் கீழே மரப்பெட்டி ஒன்றைத் திறந்து வைத்தாள். துளையிலிருந்து எடுத்த கல் உருளைகள் வரிசையாக அடுக்கியிருந்தன.

"அக்கரையில இருக்கிறது மலையோட பாறை இல்ல," என்றாள். "எப்பவோ மேலேர்ந்து மொத்தமா சறுக்கி வந்து உக்காந்தது. பதினோரு மீட்டர் நல்ல கல்லு. அதுக்குக் கீழ பாருங்க. கூழாங்கல்லு. ஆத்து மணல். நடுவுல இது." கையில் கறுத்த மரத்துண்டு ஒன்றை உயர்த்திக் காட்டினாள். "மரத்துக்கு மேல பாறை முளைக்காது."

"சறுக்கி வந்து எத்தன நாளாச்சு?" என்றார் அர்செனியோ.

"ஆயிரம் வருசம் இருக்கலாம். கூடவும் இருக்கலாம்."

"ஆயிரம் வருசமா நகராதது எங்க பாலத்துக்காகவா நகரப்போவுது?"

"இத்தன நாளும் அது தலைல யாரும் பாலத்த வைக்கல."

"தொங்குபாலம் இருக்கே!"

"நாலு ஆளுக்குத் தாங்கும். உருளைக்கெழங்கு லாரிக்குத் தாங்காது. மழைக்காலத்துல அடியில இருக்கிற மணல ஆறு அரிக்குது. நான் இங்க பாலம் கட்டச் சொல்ல மாட்டேன்."

முதல் முட்டை வளைவில் பட்டது. இரண்டாவது அவள் தலையில் பட்டது.

அவள் பெட்டியை மூடினாள். உருளைகள் கலைந்துவிடாதபடி மெதுவாக மூடினாள். அதை எவரிஸ்தோ தன் கடை வாசலிலிருந்து பார்த்தார். சுவரை இடித்துக் கதவு வைத்த சாந்து அப்போது காயவில்லை. அவளைத் திட்டுவதற்கு ஊரில் மற்றவர்களைவிட அவருக்குக் காரணம் அதிகம். அவள் நேரே அவர் கடைக்கு வந்து உட்கார்ந்தாள். மஞ்சள் கரு காதோரம் வழிந்தது.

"காப்பி. ரொட்டி."

கொடுத்தார். அவள் சாப்பிட்டாள்.

"ரொட்டி நல்லாருக்கு."

"முட்டையும் எங்க கடையோடதுதான்," என்றார் எவரிஸ்தோ.

"தெரியுது. புதுசு. நாத்தமே இல்ல."

அவர் துண்டை எடுத்துக் கொடுத்தார்.

பாலத்துக்கு வேறு இடத்தையும் அவளே தேடினாள். மேலே, அலிசால் குடியிருப்புக்குப் பக்கத்தில். அங்கே ஆறு அகலம், செலவு கூடும். ஆனால் இரண்டு கரையிலும் கறுப்புப் பாறை அடுக்கடுக்காக இறங்கியது. அதை அவள் அவருக்குக் கடையிலேயே விளக்கினாள். அடுக்கு மாவில் செய்த பலகாரத் தட்டை எடுத்து அவர் பக்கம் சாய்த்தாள். மேலடுக்கு வழுக்கியது. "ஆத்தப் பாத்துச் சாஞ்சா இப்படி. மலையப் பாத்துச் சாஞ்சா மலையே புடிச்சுக்கும். பாலத்த எதுல நடறோம்கிறது மட்டும் இல்ல, அது எந்தப் பக்கம் சாஞ்சிருக்குன்னும் பாக்கணும்." விழுந்த பலகாரத்தை எடுத்துத் தின்றாள். எவரிஸ்தோ மீதியையும் சாய்த்துக் காட்டச் சொன்னார்.

பாலம் அங்கேதான் வந்தது. ஒரு அமைச்சரின் பெயரை வைத்தார்கள். லாரிகள் அந்தப் பக்கம் போயின. சாப்பாட்டுக் கடைகள் அலிசாலில் முளைத்தன. சாந்தா உர்சுலா இருந்த இடத்தில் இருந்தது. வளைவும் இருந்தது, தேதியோடு.

பாறையும் இருந்தது. அதுதான் கஷ்டம். தினமும் காலையில் அர்செனியோ ரொட்டி வாங்க வருவார். "பாறை நகந்துச்சா?" என்பார். "நகந்தா சத்தம் கேக்கும், காதத் தீட்டி வச்சிக்கிட்டு இருங்க," என்பாள் மிரேயா. சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். எவரிஸ்தோவுக்குத்தான் சிரிப்பு வராது. ஒரு மழைக்காலத்தில், கடையைச் சாத்தும்போது, அவளிடம் சொல்லிவிட்டார். "அது ஒரு தடவ விழுந்துதான் தொலையட்டுமே. எல்லாருக்கும் தெரியட்டும்."

அவள் அவரைப் பார்த்த பார்வையை அவர் மறக்கவில்லை.

"அதுக்குக் கீழ ஆடு மேய்க்கிறாங்க," என்றாள்.

பிறகு இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அவர் மறுபடி அதைச் சொல்லவும் இல்லை.

*

பூசை முடிந்தது. பெட்டியைத் தூக்கினார்கள். முன்னால் வலப்பக்கம் அர்செனியோ. சிறுமிகள் கார்னேஷன் பூக்களோடு முன்னால் போனார்கள். சதுக்கம் நிறைந்திருந்தது. முட்டை அடித்தவர்களில் பாதிப்பேர் இறந்துவிட்டார்கள். மீதிப்பேர் வந்திருந்தார்கள்.

பெட்டி நேரே வளைவை நோக்கிப் போனது. வளைவுக்கு அப்பால் தொங்குபாலத்துப் படிகள்.

"விடுங்கப்பா," என்றாள் நுபியா, அவர் கையைப் பிடித்துக்கொண்டு.

"விட்டுட்டேன்."

விடவில்லை. ஆனால் நடந்தார். பின்னால் வருவதுதான் அவர் வேலை.

வளைவுக்குப் பக்கத்தில் மேட்டுப் பாதை வந்து சேரும் இடத்தில் ஒரு கூட்டம் நின்றது. அலிசால் ஆட்கள். எப்போது வந்தார்கள் என்று தெரியவில்லை. காலணியெல்லாம் சேறு. ஆண்கள் கம்பளியைத் தோளில் மடித்துப் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் எவரிஸ்தோவின் நடை தயங்கியது. துக்கத்துக்கு வருபவர்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வருவார்கள். மடித்துப் போடுபவர்கள் தூக்க வந்தவர்கள்.

கூட்டத்துக்கு முன்னால் பெத்சாபே நின்றாள். பாலத்தடியில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவள். கனத்த உடம்பு, கனத்த குரல்.

"தோன் அர்செனியோ, கொஞ்சம் நில்லுங்க." பெரியவர்களை அங்கே தோன் போட்டுத்தான் கூப்பிடுவார்கள்.

"சவத்த நிறுத்தக்கூடாது."

"அப்ப நடந்துக்கிட்டே பேசுவோம். எங்க போறீங்க?"

"கல்லறைக்கு. வேறெங்க, சந்தைக்கா?"

"இந்தக் கொடிக்கயித்து வழியாவா?"

"எங்க ஊர்ப் பாலம் அது. வாய அளந்து பேசு."

"சரி, ஒங்க ஊர்ப் பாலத்துல நீங்க போங்க. டாக்டரம்மாவ எங்ககிட்டக் குடுத்துருங்க. நாங்க அவங்க பாலத்து வழியா கொண்டாறோம். நீங்க கல்லறையில உக்காந்து ஒரு மடக்குச் சாராயம் குடிச்சுக்கிட்டு இருங்க. சாயங்காலத்துக்குள்ள வந்து சேந்துருவோம்."

அர்செனியோ நின்றார். பெட்டியும் நின்றது. முன்னால் போன சிறுமிகள் திரும்பிப் பார்த்தார்கள்.

"எங்க டாக்டரம்மாவ அலிசால்காரன் தூக்குறதா?"

பெத்சாபே வாய்விட்டுச் சிரித்தாள்.

"ஒங்க டாக்டரம்மாவா? முட்டை அடிச்சது யாரு?"

"நாங்கதான் அடிச்சோம். அதனாலதான் எங்க டாக்டரம்மா. நீங்க என்னத்த அடிச்சீங்க?"

சதுக்கத்தில் சிரிப்பு எழுந்தது. எழுந்த இடத்திலேயே அடங்கியும் போனது. அர்செனியோவின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. சுமையாலா கோபத்தாலா, தெரியவில்லை. அவர் வளைவைப் பார்த்தார். மேட்டுப் பாதையைப் பார்த்தார். பின்னால் திரும்பி எவரிஸ்தோவைப் பார்க்கவில்லை.

"எடப்பக்கம் திரும்புங்கடா," என்றார்.

பின்னால் தூக்கிக்கொண்டிருந்த வில்மருக்கு விளங்கவில்லை. "தொங்குபாலம் நேரால்ல இருக்கு, தோன் அர்செனியோ."

"எங்க ஊர்ல எது எங்க இருக்குன்னு நீ எனக்குச் சொல்றியா? திரும்புடான்னா."

திரும்பினார்கள். சிறுமிகள் ஓடிவந்து மறுபடி முன்னால் சேர்ந்துகொண்டார்கள்.

"பாதி வழி எங்களுக்கு," என்றாள் பெத்சாபே, கூடவே நடந்தபடி.

"கால்வாசி."

"எந்தக் கால்வாசி?"

"ஏத்தம்."

*

ஏற்றம் நீளம். மழை பெய்து ஓய்ந்திருந்தது. பாதையில் தண்ணீர் கோடு கோடாக இறங்கியது. இருநூறு முன்னூறு அடிக்கு ஒருமுறை தோள் மாற்றினார்கள். சாந்தா உர்சுலாக்காரன் இறங்கினால் அலிசால்காரன் ஏறினான். யார் எத்தனை முறை தூக்கினான் என்று வாய்க்கு வாய் தகராறு. சாராயப் புட்டி கைமாறியது.

"செத்தும் நம்மள நடக்க வைக்கிறா பாரு."

"உயிரோட இருந்தா இன்னும் வேகமா நடன்னு சொல்லுவா."

"அந்தப் பெட்டிக்குள்ள கல்லு கில்லு வச்சிட்டாங்களா? இந்தக் கனம் கனக்குது."

"ஆயுசு பூரா சேத்து வச்சதுல்ல. விட்டுட்டா போவா?"

முன்பெல்லாம் இந்தப் பேச்சு எவரிஸ்தோவின் காதில் விழுந்தால் இரவெல்லாம் புரளுவார். இன்று அவர் காதைக் கொடுத்துக் கேட்டார். ஒவ்வொரு கேலியிலும் அவள் இருந்தாள். முதுகை நிமிர்த்தி நடந்தார்.

நுபியாவின் நகரத்துச் செருப்பு பிய்ந்துவிட்டது. பெத்சாபே யாரிடமோ கேட்டு ரப்பர் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தாள். அதை மாட்டிக்கொண்டு தகப்பனோடு சேர்ந்து நடந்தாள்.

"அம்மா இதையெல்லாம் வேணும்னு கேட்டிருக்க மாட்டாங்கப்பா," என்றாள்.

"கேட்டிருக்க மாட்டா."

"பின்ன யாருக்காக?"

"எனக்காக."

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு தன் கையை அவர் கைக்குள் நுழைத்துக்கொண்டாள்.

மேட்டின் உச்சியில் பெட்டியை ஒரு கல்திட்டில் வைத்தார்கள். அங்கிருந்து கீழே எல்லாம் தெரியும். கோயில் கோபுரம். நூல் மாதிரித் தொங்குபாலம். அக்கரையில் சாம்பல் நிறத்தில் அந்தப் பாறை. அதற்கு மேலே மலையில் புல் மூடிய பள்ளம். இவ்வளவு உயரத்திலிருந்து பார்க்கும்போது பள்ளமும் பாறையும் ஒரே அளவில் இருந்தன. ஒன்றை எடுத்து மற்றதில் வைத்தால் பொருந்திவிடும்போல.

வில்மர் மட்டும் நெடுநேரம் பார்த்தான். கையை நீட்டி, கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் விரித்து, பாறையை அளந்தான். அதே விரல் அகலத்தை மேலே கொண்டுபோய்ப் பள்ளத்தில் வைத்துப் பார்த்தான்.

"தோன் அர்செனியோ..."

"என்ன?"

"பாறை அங்கயேதான் இருக்கு."

"இருக்கட்டும்," என்றார் அர்செனியோ. "தூக்கு."

*

பாலம் தொடங்கும் இடத்தில் மறுபடி அர்செனியோ முன்னால் வலப்பக்கம் வந்திருந்தார். அவர் முறை அல்ல. அலிசால்காரன் ஒருவனை நகரச் சொல்லிவிட்டு நுழைந்துகொண்டார். தார்ச்சாலை முடிந்து சிமெண்டு தொடங்கும் இடத்தில் ஒரு கோடு இருந்தது. அங்கே நின்றார்.

"தோள் மாத்தணும்," என்றார்.

மாற்றுவதற்கு யாரோ வந்தார்கள். கையை அசைத்துப் போகச் சொன்னார். வலது தோளிலிருந்த சுமையை அப்படியே கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டார். மூச்சு வாங்கினார். பின்னால் இருந்தவர்கள் காத்திருந்தார்கள். எவரிஸ்தோ அவருடைய பிடரியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளை முடி வியர்வையில் ஒட்டியிருந்தது.

அர்செனியோ கோட்டைத் தாண்டிக் காலை வைத்தார். இரண்டாவது காலை அதைவிட அழுத்தி வைத்தார்.

நடுப்பாலத்தில் காற்று பலமாக இருந்தது. பெட்டியை வேறு தோளுக்குக் கொடுத்துவிட்டு அவர் கைப்பிடிச் சுவரோரம் போனார். குனிந்து கீழே பார்த்தார். மழைத் தண்ணீர் செம்பழுப்பாகத் தூணைச் சுற்றிக்கொண்டு போனது. எவரிஸ்தோ அவரருகே வந்து நின்றார். பெட்டி அவர்களைத் தாண்டி நகர்ந்தது.

"எவ்வளவு ஆழம் எறக்கிருக்கா?"

"பாறைக்குள்ளயே ஆறு மீட்டர்."

"எந்தப் பாறை?"

"கறுப்பு. அடுக்கு அடுக்கா இருக்கே, அது. மலையோடது."

"எந்தப் பக்கம் சாஞ்சிருக்கு?"

எவரிஸ்தோ திரும்பி அவரைப் பார்த்தார். இந்தக் கேள்வியை அவர் எங்கே கற்றுக்கொண்டார்? காலையில் ரொட்டி வாங்கிக்கொண்டு நிற்கும்போது கடையில் நடந்த எந்தப் பேச்சைக் கேட்டிருப்பார்?

"மலையப் பாத்து," என்றார். "ரெண்டு கரையிலயும்."

"அடியில மரம் கிரம் ஒண்ணும் இல்லையே?"

"பாத்துட்டுத்தான் வச்சா."

"ம்," என்றார் அர்செனியோ. இன்னும் கொஞ்சம் குனிந்தார். ஆற்றில் துப்பி, அது விழுந்து மறையும்வரை பார்த்தார். "ஒத்த வார்த்த சொல்லிருக்கலாம். வா அர்செனியோ, வந்து பாருன்னு. வந்திருக்க மாட்டேன். இருந்தாலும் சொல்லிருக்கலாம்."

"வருசா வருசம் சொன்னா, கொம்பாத்ரே."

அர்செனியோ கண்ணைத் துடைத்துக்கொண்டார். காற்று பலமாகத்தான் இருந்தது. பிறகு வேகமாக நடந்துபோய்ப் பெட்டியைப் பிடித்தார். "நகருடா," என்று அவர் யாரையோ அதட்டுவது கேட்டது.

அக்கரையில் பாதை மலையை ஒட்டி வளைந்து கீழே இறங்கியது. முதல் திருப்பத்தில் எவரிஸ்தோ நின்றார். நுபியா பெட்டியின் பின்னால் போய்க்கொண்டிருந்தாள். அவர் திரும்பிப் பார்த்தார்.

பாலத்தின் மேல் இன்னும் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தலைகள். இரு பக்கமும் லாரிகள் வரிசையாக நின்றன. ஓட்டுநர்கள் இறங்கிக் கதவில் சாய்ந்திருந்தார்கள். கூட்டத்தில் யாரும் பாலத்தைப் பார்க்கவில்லை. முன்னால் போகிறவர் முதுகைப் பார்த்துப் பேசிக்கொண்டு நடந்தார்கள். ஒருவன் நின்று காலணிக் கயிற்றைக் கட்டினான். ஒரு பெண் நடந்துகொண்டே ஆரஞ்சை உரித்து, தோலைக் கைப்பிடிச் சுவருக்கு அப்பால் ஆற்றில் போட்டாள்.